பதினான்கு அடியும் ஒரு திருப்பமும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்குச் சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆங்கில விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினான். சானெட் என்னும் செய்யுள் வடிவத்தைப் பற்றிய வினாவிற்கு அவன் முழு மதிப்பெண் பெற்றிருந்தான். பதினான்கு அடிகள், மூன்று நாலடிகளும் ஓர் ஈரடியும், அடியிறுதியில் இன்னின்ன அடிகளுக்கு இயைபு, அடிதோறும் பத்து அசை என்று எழுதியிருந்தான். ஒன்றும் பிழையில்லை. நாம் அவனிடம், "தம்பி, எட்டாம் அடி வரையில் கவிஞர் நினைத்தது ஒன்று, ஒன்பதாம் அடியில் நினைப்பது வேறொன்று. அந்த வேறுபாடு என்ன?" என்று கேட்டோம். அவன் சற்றும் தயங்காமல், "அதெல்லாம் தேர்வில் கேட்க மாட்டார்கள், சார்" என்றான்.

அவன் உண்மையைத்தான் சொன்னான். அவ்வுண்மையே நம்மை உறுத்திற்று. வங்கத்திற்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் கவிதை என்பதைப் பெரும்பாலும் ஆங்கிலப் பாடவேளையில்தான் காண்கின்றனர். வீட்டில் தமிழ் பேச்சளவில் நிற்கின்றது, தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம். ஆங்கிலக் கவிதையையும் அவர்கள் கணக்காகவே கற்றுவிட்டால், கவிதை என்பது யாதென்று அவர்கள் எம்மொழியில்தான் அறிவர்? இந்தக் கவலையால் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நம் வகுப்பில் சானெட்டை எடுத்துக்கொண்டோம். தமிழ் வகுப்பில் அந்நிய வடிவம் எதற்கு என்று கேட்டோரும் உண்டு. அவர்தம் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

சானெட் பிறந்த இடம் இங்கிலாந்து அன்று; இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரரசன் இரண்டாம் பிரடெரிக்கின் அவையில் இருந்த ஜாக்கொமோ த லென்தீனி என்பவரே இவ்வடிவத்தை முதலில் ஆண்டவர் என்பது அறிஞர் பெரும்பாலோர் முடிபு. அவர் தொழிலால் பத்திரம் எழுதும் நோட்டரி. தாந்தேயும் தம் காப்பியத்தில் அவரை அத்தொழிற்பெயராலேயே சுட்டுகின்றார். மக்கள் பாடிவந்த எண்ணடிப் பாட்டோடு ஓர் ஆறடியைச் சேர்த்து அவர் இதனை அமைத்திருத்தல் வேண்டும் என்று பலர் கருதுவர். பத்திரம் எழுதுபவரின் கைவண்ணம் இவ்வடிவத்தில் புலப்படுகிறது என்று நமக்குத் தோன்றுவதுண்டு. முதற்பகுதியில் வழக்கு, பின்பகுதியில் தீர்ப்பு. ஆனால் இரண்டும் சம அளவின அல்ல. வழக்கிற்கு எட்டு அடி. தீர்ப்பிற்கு ஆறே அடி. ஆகவே பின்பகுதி முன்பகுதியினும் செறிவாக நடந்தாக வேண்டும். எட்டடியில் விரித்ததை ஆறடியில் மடக்க வேண்டும் என்னும் இந்நெருக்கடிதான் சானெட்டின் இயக்கம். எட்டிற்கும் ஆறிற்கும் நடுவே நிகழும் மாற்றத்தை இத்தாலியர் வோல்தா என்பர். நாம் அதனைத் திருப்பம் என்று வழங்குவோம்.

பெத்ரார்க் என்னும் பெருங்கவிஞர் (1304-1374) இவ்வடிவத்தை ஐரோப்பா முழுதும் அறியச் செய்தார். அவருடைய தொகையில் உள்ள 366 பாடல்களில் 317 சானெட்டுகள். ஆங்கிலத்திற்கு இதனைக் கொணர்ந்தோர் தாமஸ் வையட்டும் சர்ரே பிரபுவும் ஆவர். கொணர்ந்தபோது ஓர் இடர் நேர்ந்தது. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவன. ஓர் இயைபிற்கு நூறு சொல் கிடைக்கும். ஆங்கிலத்தில் அவ்வளமில்லை. எட்டடிக்கு இரண்டே இயைபு என்பது அம்மொழிக்குக் கைவிலங்காயிற்று. எனவே சர்ரே, நாலடிக்கு நாலடி இயைபை மாற்றிக்கொண்டு சென்று, இறுதியில் ஈரடியால் முடிக்கும் முறையை வகுத்தார். அவர் 1547-இல் தலைவெட்டுண்டு மாண்டார். அவர் பாடல்கள் பத்தாண்டு கழித்து, 1557-இல், அச்சேறின. அம்முறையைக் கையாண்டு ஷேக்ஸ்பியர் எழுதிய 154 சானெட்டுகள் 1609-இல் வெளிவந்தமையால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இயைபு முறை மாறியது ஏதோ ஓர் அழகு கருதியன்று, மொழியின் இயல்பு கருதியே என்பதை மாணவனுக்குச் சொன்னால், அவன் மனப்பாடம் செய்த எழுத்து வரிசைக்குப் பொருள் ஏற்படுகிறது. சொல்லாவிட்டால் அது தொலைபேசி எண்ணைப் போன்றதே.

நம் மாணவனின் பாடநூலில் இருந்தது ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானெட். யாவரும் அறிந்த பாட்டு. காதலுக்குரியவரைக் கோடைநாளோடு ஒப்பிடலாமா என்று கவிஞர் தம்மையே வினவிக்கொண்டு தொடங்குகிறார். (முதல் 126 பாடல்களும் ஓர் இளைஞனை நோக்கியன என்பது ஆய்வாளர் பலர் கருத்து, அதனை மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை.) இங்கேயே நம் பிள்ளைகள் இடறி விழுகின்றனர். வெப்பம் தாளாது பள்ளிகளை அடைத்துவிடும் ஊரில் வளரும் பிள்ளைக்கு, ஒருவரைக் கோடைநாள் என்பது வசையாகவன்றோ தோன்றும்! ஆங்கில நாட்டின் கோடை குறுகியது, மெல்லியது, ஏங்கி வரவேற்கப்படுவது. அவர்கள் மே மாதத்து மொட்டைப் பாடும் பருவம் நம் நூல்கள் கூறும் இளவேனிலுக்கு நெருக்கமானது என்று விளக்கிய பின்னரே பாட்டின் முதல் வாயில் திறந்தது. பிறகு எட்டடி வரை கவிஞர் செய்வதெல்லாம் குற்றம் கூறலே. காற்று மொட்டை உலுக்குகிறது. பருவம் விரைவில் முடிகிறது. ஞாயிறு சிலகால் மிகக் காய்கிறது, சிலகால் மங்குகிறது. அழகிய யாவும் அழகு குன்றுகின்றன. புகழப் புகுந்தவர் உவமையையே உடைத்தெறிந்து வெறுங்கையோடு நிற்கிறார். ஒன்பதாம் அடியில் ஓர் எதிர்மறைச் சொல் வருகிறது. உன் கோடை மட்டும் வாடாது என்கிறார். எதனால் வாடாது? இளைஞனின் உடல் வலிமையாலன்று, இந்தப் பாட்டினால். இறுதி ஈரடி அதனை உறுதி செய்கிறது. ஆகவே இது அழகைப் புகழும் பாட்டு என்று எழுதும் மாணவன் முதல் எட்டடியை மட்டுமே படித்தவன்; அதையும் சரியாகப் படியாதவன். தன் வலிமையைத் தானே புகழ்ந்துகொள்ளும் பாட்டு இது. ஒன்பதாம் அடியைக் கடந்தாலன்றி இது விளங்காது.

பதினான்கு என்னும் எண்ணே வடிவத்தின் உயிர் என்று கொள்வோர்க்கு ஷேக்ஸ்பியரே மறுப்பு எழுதி வைத்திருக்கிறார். அவருடைய 99-ஆம் பாட்டில் பதினைந்து அடி. 126-ஆம் பாட்டில் பன்னிரண்டே அடி. அவை அந்நூலினின்று நீக்கப்படவில்லை. கடைவீதியில் விற்கும் வினாவிடை நூல்களில் இச்செய்தியை நாம் கண்டதில்லை. கண்டிருந்தாலும் அதுவும் ஒரு மதிப்பெண் வினாவாகவே மாறியிருக்கும்.

இவ்வளவும் ஆங்கிலப் பாடம். இதனை நம் ஊரோடு பொருத்திக் காட்ட வேண்டும் என்று எண்ணியபோது நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. கொல்கத்தாவில் வாழ்வோர்க்குச் சானெட் அயலூர்ச் சரக்கன்று. பார்க் தெருப் பழைய கல்லறைத் தோட்டத்தில் டெரோசியோ துயில்கின்றார். இருபது வயதும் நிரம்பாத பருவத்திலேயே இந்து கல்லூரியில் ஆசிரியராகி, 1831-இல் பதவியை இழந்து, அவ்வாண்டிலேயே இருபத்திரண்டு வயதில் மறைந்தவர் அவர். தம் மாணவர்களை நோக்கி அவர் ஆங்கிலத்தில் ஒரு சானெட் எழுதியுள்ளார். மாணவர் மனங்கள் இளமலரின் இதழ்போல் விரிவதைக் காணும் ஓர் ஆசிரியரின் மகிழ்ச்சி அது. கவிதை என்னும் அளவில் அதனை மிக உயர்ந்தது என்று சொல்லத் துணியோம். திருப்பம் வலுவாக இல்லை, இன்பமே நீண்டு செல்கிறது. ஆயினும் சானெட் கற்பிக்கும் எவரும் ஆசிரியர் ஒருவரின் சானெட்டிலிருந்து தொடங்குதல் பொருத்தமே.

அவரினும் நமக்கு நெருங்கியவர் மைக்கேல் மதுசூதன தத்தர். வங்கமொழிக்குச் சானெட்டைத் தந்தவர் இவரே. இவர் 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் வாழ்ந்தார் என்பதை நம்மவர் பலர் அறியார். அங்கே ஆசிரியராகவும் இதழாளராகவும் உழைத்தார். 1849-இல் தம் ஆங்கிலக் காவியத்தை அங்கேதான் அச்சிட்டார். ஆங்கிலக் கவிஞராகவே புகழ்பெற வேண்டும் என்பது அந்நாளில் அவர் வேட்கை. வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஆங்கிலத்தில் எழுதிய அவரை, தமிழகத்திலிருந்து வங்கத்திற்கு வந்து ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளின் எதிர்நிழல் என்று சொல்லத் தோன்றுகிறது. ஊர் திரும்பிய பின் அவர் தாய்மொழிக்குத் திரும்பினார். 1860-இல் வங்கமொழியில் தம் முதற் சானெட்டை எழுதினார்; பின்னர்ப் பிரான்சு நாட்டு வெர்சேய் நகரில் வறுமையில் உழன்று, ஈசுவர சந்திர வித்யாசாகர் அனுப்பிய பொருளால் உயிர் தரித்திருந்த காலத்தில், 1865-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சானெட்டுகளைப் பாடினார். அவை 1866-இல் நூலாயின. சானெட்டிற்கு அவர் இட்ட பெயர் 'சதுர்தசபதி'. பழைய பயார் யாப்பின் பதினான்கு அசைகொண்ட அடியை அப்படியே எடுத்துக்கொண்டு, அவ்வடி பதினான்கினால் பாட்டை அமைத்தார். அந்நிய வடிவம், உள்ளூர் அடி.

அவருடைய முதற் சானெட்டே பின்னர்த் திருத்தம் பெற்று, வங்கமொழியைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டாயிற்று. நம் அண்டை வீட்டுப் பிள்ளைகள் அதனை மனப்பாடமாகச் சொல்வர். முதல் எட்டடியில் கவிஞர் தம் பேதைமையைச் சொல்கிறார். தாய்நாட்டின் கருவூலத்தில் மணிகள் பல இருக்க, அவற்றைப் புறக்கணித்துப் பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டு வேற்று நாட்டில் இரந்து திரிந்ததையும், உறக்கமும் உணவும் துறந்து பயனற்ற தவம் செய்ததையும், தாமரைக் காட்டை மறந்து பாசியில் விளையாடியதையும் அடுக்குகிறார். ஒன்பதாம் அடியில் ஒரு கனவு. குலத்தின் திருமகள் தோன்றுகிறாள். மகனே, வீடு திரும்பு என்கிறாள். அதுவரை ஒரு குரல் மட்டும் ஒலித்த பாட்டில் இரண்டாம் குரல் எழுகிறது. அதுவே திருப்பம். இறுதி ஈரடியில் அவர் ஆணையை ஏற்று, தாய்மொழி என்னும் சுரங்கத்தைக் கண்டடைகிறார். நாம் இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வேற்றுநாட்டில் இரந்ததற்கு இரங்கும் இந்தப் பாட்டின் வடிவமே வேற்றுநாட்டிலிருந்து கொணர்ந்தது! இம்முரண்பாட்டை மதுசூதனர் அறியாதவர் அல்லர். 1865-இல் தாந்தேயின் அறுநூறாம் ஆண்டு நிறைவிற்கு ஒரு சானெட் எழுதி அதனை இத்தாலிய மன்னருக்கே அனுப்பி வைத்தவர் அவர். கடன் வாங்கியதை அவர் ஒளித்தாரில்லை.

தமிழிலும் இவ்வழி நடந்தோர் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், 'பரிதிமாற் கலைஞர்' என்னும் பெயரை மேற்கொண்டு 'தனிப்பாசுரத் தொகை' என்னும் நூலை இவ்வடிவத்தைத் தழுவி இயற்றினார், ஜி. யு. போப் அதனை ஆங்கிலப்படுத்தினார். தமிழாசிரியர் ஒருவரின் முயற்சி அயல்மொழிப் புலவர் ஒருவரால் அவ்வாறு போற்றப்பட்டும், நம் வீட்டுப் பிள்ளைகள் அந்நூலின் பெயரையும் கேட்டிராதது வருந்தத்தக்கது.

நாம் வகுப்பில் மிகுதியாக நின்று படித்தது பாரதியாரின் 'தனிமை இரக்கம்' என்னும் சிறு பாட்டு. 1904-இல் மதுரை 'விவேகபாநு' இதழில் வெளிவந்தது. அச்சில் வந்த அவர் கவிதைகளுள் முதலாவது என்று கருதப்படுவது. அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்று. ஷெல்லியிடம் பெருங்காதல் கொண்டு 'ஷெல்லிதாசன்' என்றும் தம்மை அழைத்துக்கொண்டவர் அவர். பாட்டு பதினான்கு அடி; நேரிசை ஆசிரியப்பா. இதனைப் பாரதியின் சானெட் என்று எழுதுவோர் பலர், அடியை எண்ணிக் காட்டி அமைந்துவிடுகின்றனர். எண்ணிக்கையோடு நின்றால் அது தற்செயலாகவும் இருக்கலாமே! பாட்டின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

முதல் எட்டடியில் தலைவன் தலைவியை நோக்கி, முன்னிலையில், பேசுகிறான். உன்னோடு கழித்த நாட்களை நினைக்கிறேன். இன்று நம்மிடையே மலையும் காடும் கடலுமாக விதி விரித்த தொலைவை நினைக்கிறேன். நெஞ்சு அதிர்கிறது என்கிறான். ஏழாம் எட்டாம் அடிகளில் ஓர் உவமை: கலங்கரை விளக்கம் எட்டாத் தொலைவில் இருக்க, அலையில் தடுமாறும் சிறு கலம் போன்றேன். எட்டடி முடிந்தது. ஒன்பதாம் அடியில் அவன் வேறு யாரையோ விளிக்கிறான். நாட்களை! நடக்கமாட்டாது கிடக்கும் நாட்களே, அவளோடு இருந்தபோது காற்றாய்ப் பறந்தீர்கள், இன்று மலையாய்க் கிடக்கின்றீர்கள் என்கிறான். இதுவரை 'நீ'யாக இருந்தவள் இங்கே 'அவள்' ஆகிவிட்டாள். முன்னிலை நாட்களுக்குப் போய்விட்டது. தொலைவு பெரிது என்று முதற்பகுதி சொல்லிற்று. பிற்பகுதியோ சொல்லாமலே இலக்கணத்தால் அவளைத் தொலைவிற்கு அனுப்பிவிட்டது. பாட்டும் அவளை நோக்கிய வினாவாக அன்றி, அவளைக் குறித்த வினாவாகவே முடிகிறது. இடத்தின் தொலைவு பற்றிப் பேசத் தொடங்கியவன் காலத்தின் சுமை பற்றிப் பேசி முடிக்கிறான். இது பெத்ரார்க் வழித் திருப்பமே. ஒன்பதாம் அடியிலேயே, உரிய இடத்திலேயே நிகழ்வது. அடியெண்ணிக்கை தற்செயலன்று என்பதற்கு இதுவே சான்று என்று துணிகிறோம்.

குறையும் கூறவேண்டும். பாட்டு முழுதும் ஈரடிக்கு ஓர் எதுகையாக ஏழு இணைகள் ஓடுகின்றன. ஆகவே காதிற்குத் திருப்பம் கேட்பதில்லை. எட்டாம் அடிக்கும் ஒன்பதாம் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியும், பத்தாம் அடிக்கும் பதினோராம் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஒரே ஓசையின. கருத்து திரும்புகிறது, ஓசை திரும்பவில்லை. ஆனால் முடிவு மட்டும் நன்றாகக் கேட்கிறது. நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி முச்சீராய்க் குறையும் இயல்புடையது அன்றோ! அக்குறுகிய அடியும் ஈற்றடியும் ஓர் எதுகையால் இணைந்து ஷேக்ஸ்பியரின் இறுதி ஈரடி செய்யும் வேலையைச் செய்துவிடுகின்றன. தொல்காப்பியம் கற்ற செவியும் ஷெல்லியைக் கற்ற செவியும் ஓரிடத்தில் கூடியதன் பயன் இது.

இதிலிருந்தே நாம் கற்பிக்கும் முறைக்கு ஒரு வழி கிடைத்தது. ஆங்கிலத்தில் ஒலியொற்றுமை அடியின் வாலில் நிற்பது. தமிழில் எதுகையாகவும் மோனையாகவும் அடியின் தலையில் நிற்பது. நமக்கும் இயைபு உண்டு. ஆயின் வினைமுற்றுகள் எல்லாம் அடியிறுதியில் வந்து விழும் மொழியில் இயைபு என்பது மிக மலிவாகக் கிடைக்கும் பொருள். 'வந்தான், சென்றான், நின்றான்' என்று பதினான்கு அடிக்கும் பத்து வயதுப் பிள்ளையும் இயைபு அமைக்கும். எளிதில் கிடைப்பது கட்டுப்பாடு ஆகாது. ஆகவே சானெட்டைத் தமிழில் எழுதச் சொல்லும்போது ஆங்கில இயைபு முறையை அப்படியே கேட்பது பொருளற்றது. எதுகையே நம் கட்டுப்பாடு. நாற்சீர் அகவலடி; முதல் எட்டடிக்கு நான்கடிக்கு ஓர் எதுகை; ஒன்பதாம் அடியில் கண்டிப்பாக எதுகை மாறவேண்டும்; பின்னர் ஈரடிக்கு ஓர் எதுகை. திருப்பம் காதிற்கும் கேட்க வேண்டும் என்பதே கருத்து. யாப்பில் வல்லார் இதனைப் பார்த்து நகைக்கலாம். நகைக்கட்டும், பிள்ளைகளுக்கு இது விளங்கிற்று.

எல்லாம் எம்மிடம் முன்பே உண்டு, நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லே உங்கள் திருப்பம் என்று சொல்லும் அன்பர்களும் இருக்கின்றனர். இரண்டாம் அடியின் இறுதியில் நிற்கும் அத்தனிச்சொல் முன்னிரண்டடியையும் பின்னிரண்டடியையும் கீல்போல் இணைப்பது உண்மை. அதனைக் காட்டிச் சானெட்டை விளக்குவதும் பயனுடையதே. ஆனால் கீல் வேறு, கதவு வேறு. வெண்பா ஒரு கருத்தைத் தைத்து முடிப்பது; சானெட் தான் சொன்னதையே பாதியில் ஐயுறுவது. ஒப்புமை காட்டலாம், ஒன்றே என்று சாதித்தல் இரண்டையும் அறியாமையாகும்.

எழுதக் கற்பிக்க இயலுமா என்பது அடுத்த கேள்வி. கவிதை பிறவிப்பயன், கற்பித்து வாராது என்பர். 1816 திசம்பர் 30 அன்று லீ ஹண்ட் என்னும் கவிஞரின் இல்லத்தில், வெட்டுக்கிளியையும் சுவர்க்கோழியையும் பொருளாக வைத்துக் கால்மணி நேரத்தில் சானெட் எழுதுவது என்று ஒரு போட்டி நிகழ்ந்தது. எதிரே அமர்ந்தவர் இருபத்தொரு வயதுக் கீட்ஸ். அவர் முந்தி முடித்தார். அப்பாட்டு இன்றும் பயிலப்படுகிறது. நமக்கு இது புதிய செய்தியுமன்று. ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் செய்யும் அவையில் வளர்ந்தது நம் கவிதை. எட்டயபுரத்தில் சிறுவன் சுப்பிரமணியனை மடக்கக் கருதி ஒருவர் ஈற்றடி கொடுத்த கதையை அறியாதவர் நம்மிடையே யார்? விளையாட்டாகத் தொடங்குவதில் இழுக்கொன்றுமில்லை.

முதல் மாதம் நாம் ஒரு பிழை செய்தோம். ஒன்பதாம் அடியை 'ஆனால்' என்று தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டோம். பதினோரு பிள்ளைகளும் அவ்வண்ணமே தொடங்கினர். மழை பெய்கிறது, குளம் நிறைகிறது என்று எட்டடி. 'ஆனால்' என்று சொல்லி, பயிரும் விளைகிறது என்று ஆறடி. சொல் திரும்பிற்று, பாட்டு நேரே நடந்துகொண்டிருந்தது. விடைத்தாளில் முழு மதிப்பெண் பெற்ற நம் மாணவனே இதில் தலைசிறந்தவன். எதுகையில் ஒரு வழுவில்லை, எண்ணிக்கையில் ஒரு குறையில்லை, பாட்டில் ஒன்றுமேயில்லை. அடுத்த மாதம் அச்சொல்லையே விலக்கினோம். ஷேக்ஸ்பியர் எதிர்மறைச் சொல்லால் திரும்பினார். மதுசூதனர் ஒரு கனவால் திரும்பினார். பாரதி விளியை மாற்றித் திரும்பினார். நீங்கள் எதனால் திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டோம். வகுப்பு நெடுநேரம் அமைதியாயிருந்தது. அன்று யாரும் எழுதி முடிக்கவில்லை. ஓராண்டில் நமக்கு மிக மனநிறைவு தந்த வகுப்பு அதுவே.

இனி, தொடக்கத்தில் சொன்ன மறுப்பிற்கு வருவோம். நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர், தாமே வெண்பாப் பாட வல்லவர், வகுப்பு முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: "வாரத்திற்கு இரண்டு மணி நேரந்தான் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ். ழகரம் வரவில்லை, நாலடியாரில் ஒரு பாட்டுத் தெரியாது. அந்த இரண்டு மணி நேரத்தையும் இங்கிலீஷ்காரனுக்குக் கொடுப்பது நியாயமா?" நாம் உடனே விடை கூறவில்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. நாலடியாரைச் சானெட்டிற்காகத் தள்ளிவைத்தோம் என்பதும் உண்மை. ஆயினும் நாலடியாரை அவர்கள் மற்றொரு மனப்பாடப் பகுதியாகவே பெற்றிருப்பர் என்று அஞ்சினோம். பள்ளியில் வேற்றுமொழிக் கவிதையைக் கணக்காகக் கற்ற பிள்ளை, ஞாயிறன்று தாய்மொழிக் கவிதையையும் கணக்காகக் கற்றால், இரண்டு மணி நேரமும் வீணே. ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் வடிவத்தைக் கொண்டே தமிழுக்குள் வரட்டும் என்று கருதினோம். அவர் ஒப்பவில்லை. நாமும் முற்றும் உறுதியாக இல்லை.

அவரிடம் நாம் காட்டியது ஒரு பெண்பிள்ளையின் பாட்டு. வயது பதினான்கு, இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவள். நெல்லைச் சீமையில் உள்ள பாட்டி வீட்டிற்கு ஆண்டுக்கு ஒருமுறை போவதைப் பாடியிருந்தாள். முதல் எட்டடியும் பயணமே. கோரமண்டல் விரைவு வண்டி. கட்டாக்கில் மகாநதி, இராசமுந்திரியில் கோதாவரி, விசயவாடாவில் கிருட்டிணை என்று ஆறாகக் கடந்து, ஒவ்வோர் ஆற்றிலும் ஒரு மொழி கழிந்து, தமிழ் எழுத்து நிலையப் பலகையில் தெரியும் வரை எண்ணிக்கொண்டே வருகிறாள். ஒன்பதாம் அடியில் எதுகை மாறுகிறது. பாட்டி வாயிற்படியில் நிற்கிறாள். வந்தாயா என்று கேட்கவில்லை. "என்னைக்குத் திரும்பணும்?" என்று கேட்கிறாள். மற்ற ஐந்தடியில் பாட்டி அதன்பின் ஒன்றும் பேசவில்லை, பெண் நாட்காட்டியைப் பார்க்கிறாள், பாட்டியும் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

அன்பர் அதனை இருமுறை படித்தார். பேச்சுச்சொல் அகவலில் தளை தட்டுகிறது என்றார். பதினோராம் அடியில் எதுகை பிழை என்றும் சுட்டினார். அது பிழைதான், நாம் காணத் தவறியிருந்தோம். பிறகு தாளை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறன்று அவரே வகுப்பிற்கு வந்து, அப்பெண்ணை அருகில் அமர்த்தி, எதுகைக்கு மூன்று சொற்களை எழுதிக் கொடுத்து, "பாட்டி கேட்கிற அடியையும் தளை தட்டாமல் திருத்திவிடு, அம்மா" என்றார். அவள் பதினோராம் அடியைத் திருத்தினாள். ஒன்பதாம் அடியை, "பாட்டி அப்படித்தான் கேட்டாள், ஐயா" என்று சொல்லி, இருந்தவாறே விட்டுவிட்டாள்.